போக்கர் கூடங்களின் நாணயம்



இணையத்தின் மூலம் பணம் வைத்துப் போக்கர் சீட்டு ஆடுவதற்கென்று ஏற்பட்ட கூடங்களின் நாணயத்தை எப்படி அளந்து பார்ப்பது என்பதுதான் இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயமாகும். "பேசுவதற்கு வேறு விஷயமா கிடைக்கவில்லை?" என்று சிலர் கேட்கலாம். ஆடுங்கள் என்று சொல்லவோ, ஆடினால் பாவம் என்று சொல்லவோ நாம் இங்கு வரவில்லை. பாவ புண்ணியக் கணக்கு நமக்கு வேண்டியதில்லை. ஆனால் முகம் தெரியாத ஒருவன் கையில் பணத்தைக் கொடுத்துவிட்டு, அவன் கணக்கையும் காணாமல் அவனை நம்பியிருக்கும்படியான நிலைமை வந்தால், மனிதன் தன் புத்தியை எப்படி உபயோகிக்க வேண்டும் என்பதற்கு இந்தக் கூடங்களின் சரித்திரத்தைப் போன்ற பாடம் கிடைப்பது அருமை. அதனாலேயே இதை எடுத்துக்கொண்டோம்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக இரண்டொரு வார்த்தை சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் நடக்கும் வகையில் ஒவ்வொருவனுக்கும் இரண்டு சீட்டு கவிழ்த்துக் கொடுக்கப்படும். ஐந்து சீட்டு எல்லோரும் பார்க்க நடுவில் திறந்து வைக்கப்படும். இந்த ஏழில் ஐந்தைச் சேர்த்து யார் உயர்ந்த சேர்க்கை காட்டுகிறானோ, அல்லது மற்றவர்களெல்லாம் பயந்து விலகும்படி யார் பணம் கட்டுகிறானோ அவனுக்கு நடுவில் சேர்ந்த பணம் போகும். எதிரியின் இரண்டு சீட்டு நமக்குத் தெரியாது என்பதே ஆட்டத்தின் உயிர். ஒருவனுக்கு மாத்திரம் அது தெரிந்துவிட்டால் அதற்கு ஆட்டம் என்று பேரல்ல, கொள்ளை என்றே பேர்.

கூடக்காரன் ஆடுவதில்லை. சேர்ந்த பணத்தில் கமிஷன் எடுத்துக்கொள்ளுகிறான். அந்தக் கமிஷன் அற்பமென்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு பேர் தலைக்கு 1000 ரூபாய் கொண்டுவந்து உட்காருகிறார்கள். மேஜையில் 6000 ரூபாய். ஒரு ஆட்டத்தில் சராசரி 200 ரூபாய் நடுவில் சேருகிறது, கமிஷன் நூற்றுக்கு 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆட்டத்துக்குப் பத்து ரூபாய். மணிக்கு 60 ஆட்டமானால் 600 ரூபாய். இப்படிப் பத்து மணி நேரம் நடந்தால் 6000 ரூபாயும் கூடக்காரன் பெட்டிக்குப் போய்விடும். ஆறு பேரும் ஒருவனை ஒருவன் ஜெயித்ததாகவும் தோற்றதாகவும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஆகவே ஒரு கூடம் எவ்வளவு நாணயமாக நடந்தாலும், ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் தோற்றுத்தான் தீரவேண்டும் என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு நியாயம் சொல்லப்படுவதுண்டு. "மோசம் செய்யாமலே இவ்வளவு வருமானம் வரும்போது கூடக்காரன் எதற்காக மோசம் செய்யப் போகிறான்?" என்பதே அது. கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்ததைப் பாருங்கள்.

2007-ம் வருஷம் செப்டம்பர் மாதம், அப்ஸொல்யூட் போக்கர் என்ற கூடத்தில் நடந்த ஒரு பந்தயத்தில் ஒருவன் நம்ப முடியாத விதமாக ஜெயித்தான். எதிரியிடம் நல்ல சீட்டு இருக்கும்போதெல்லாம் விலகினான். எதிரி வெறும் மிரட்டலாகப் பணம் கட்டும்போதெல்லாம் தைரியமாய் நின்றான். தோற்றவர்களில் ஒருவர் சும்மா இருக்கவில்லை. அந்தப் பந்தயத்தின் பதிவைக் கொடு என்று கூடத்தாரைக் கேட்டார். அவருக்கு வந்து சேர்ந்த பதிவில், வழக்கத்துக்கு மாறாக, எல்லோருடைய கவிழ்த்த சீட்டுகளும் எழுதியிருந்தன. அதை ஆட்டக்காரர்கள் பலர் கூடி வரி வரியாக ஆராய்ந்தார்கள். வேடிக்கை பார்ப்பவன் என்ற பேரில் ஒரு கணக்கு அந்த மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்ததையும், அதற்கும் கம்பெனிக்கும் சம்பந்தம் இருந்ததையும் கண்டுபிடித்தார்கள். கம்பெனி முதலில் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்லிற்று. பிறகு அதே வருஷம் அக்டோபரில் உள்ளே இருந்தவர் ஒருவர் எல்லோர் சீட்டையும் பார்த்தது உண்மை என்று ஒப்புக்கொண்டது.

இதன் உடன்பிறப்பான அல்டிமேட்பெட் என்ற கூடத்திலும் இதே பித்தலாட்டம் நடந்திருப்பது 2008-ல் வெளியாயிற்று. அங்கு 2004-ம் வருஷம் மே முதல் 2008 ஜனவரி வரையில் நடந்தது என்று விசாரணை செய்த கமிஷன் அறிவித்தது. இதற்குப் பொறுப்பாளி என்று கமிஷன் குறிப்பிட்ட ஆசாமி யார் தெரியுமா? 1994-ம் வருஷத்து உலகப் போக்கர் பந்தயத்தின் முதல் பரிசுக்காரர்! கெட்டிக்காரர், பேர் பெற்றவர், மோசம் செய்யாமலே பிழைக்கக் கூடியவர். ஆகவே பணக்காரன் மோசம் செய்யமாட்டான், பிரபலஸ்தன் மோசம் செய்யமாட்டான் என்ற நியாயம் எவ்வளவு பெறுமென்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

தோழர்களே! இந்த மூன்றே முக்கால் வருஷம் தோற்றவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? "நம் நேரம் சரியில்லை, அதிர்ஷ்டம் இல்லை, தலையெழுத்து" என்றுதானே பெரும்பாலோர் நினைத்திருப்பார்கள்? ஒருவன் ஒளிந்திருந்து தம் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததைத் தம் தலைவிதி என்று எண்ணியிருப்பார்கள். மோசக்காரனுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறென்ன வேண்டும்? திருடன் வீட்டுக்குள் இருக்கும்போது வீட்டுக்காரன் கிரகத்தை நொந்துகொண்டிருந்தால் திருடன் சௌகரியமாகத்தான் இருப்பான். ஆயிரக்கணக்கான ஆட்டங்களை எழுதிவைத்து, "இவ்வளவு ஜெயம் அதிர்ஷ்டத்தால் வரக் கூடியதுதானா?" என்று கணக்குப் போட்டுக் கேட்டவர்கள்தான் உண்மையைக் கண்டுபிடித்தார்கள். போலீசார் கண்டுபிடிக்கவில்லை, லைசென்சு கொடுத்தவர்களும் கண்டுபிடிக்கவில்லை.

லைசென்சு என்றதும் அதையும் பார்த்துவிடுவோம். இந்த இரண்டு கூடங்களும் லைசென்சு இல்லாமல் நடந்தவையல்ல. கனடா தேசத்தில் மாண்ட்ரீல் நகருக்குப் பக்கத்திலுள்ள கானவாகே என்ற மோஹாக் ஜனங்களின் பிரதேசத்துக் கமிஷன் அவற்றுக்கு லைசென்சு கொடுத்திருந்தது. மோசம் வெளிப்பட்ட பிறகு ஒன்றுக்கு 5 லட்சம் டாலரும் மற்றதற்கு 15 லட்சம் டாலரும் அபராதம் போட்டது; ஆட்டக்காரர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரும்படியும் செய்தது. ஆனால் லைசென்சைப் பிடுங்கவில்லை. கூடங்கள் தொடர்ந்து நடந்தன. லைசென்சு கொடுக்கிறவனுக்கு வருமானம் லைசென்சு வாங்குகிறவனிடமிருந்து வருகிறது என்பதை யோசித்தால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆகையால் லைசென்சு இருக்கிறதா என்று கேட்டால் போதாது. கொடுத்தவன் யார், அவன் முன்பு எந்தக் கூடத்தையாவது மூடியிருக்கிறானா, ஆட்டக்காரன் புகார் கொடுத்தால் விசாரித்துப் பதில் சொல்லுகிறானா என்றெல்லாம் கேட்க வேண்டும்.

சீட்டைப் பார்ப்பது ஒரு வகை மோசம். பெட்டியைக் காலி செய்வது இன்னொரு வகை. ஃபுல் டில்ட் போக்கர் என்று ஒரு கூடம் இருந்தது. உலகத்தில் பேர் பெற்ற ஆட்டக்காரர்கள் பலர் அதன் பங்குதாரர்களாகவும் விளம்பர முகங்களாகவும் இருந்தார்கள். இங்கிலீஷ் கால்வாயிலுள்ள ஆல்டர்னி என்ற சிறு தீவின் லைசென்சும் இருந்தது. 2011-ம் வருஷம் ஏப்ரல் 15-ந் தேதி அமெரிக்க சர்க்கார் அந்தக் கூடத்தின் மீதும், போக்கர்ஸ்டார்ஸ், அப்ஸொல்யூட் போக்கர் ஆகியவற்றின் மீதும் வழக்குத் தொடர்ந்தது. ஆட்டக்காரர்கள் பதறிப்போய்ப் பணத்தைக் கேட்டார்கள். அப்போதுதான் வண்டவாளம் வெளியாயிற்று. 2011 மார்ச் 31-ந் தேதி கணக்குப்படி ஃபுல் டில்ட் ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டியது சுமார் 39 கோடி டாலர். பாங்கியில் இருந்ததோ சுமார் 6 கோடி டாலர். 2007 ஏப்ரல் முதல் சொந்தக்காரர்களும் டைரக்டர்களும் எடுத்துக்கொண்டது சுமார் 44 கோடி டாலர் என்று சர்க்கார் வக்கீல் கோர்ட்டில் எழுதிக் கொடுத்தார். ஆல்டர்னிக்காரர்கள் ஜூன் மாதம் 29-ந் தேதிதான் லைசென்சை நிறுத்தி வைத்தார்கள். செப்டம்பரில் ரத்து செய்தார்கள். பால் முழுவதும் பூனை குடித்த பிறகு பானையை மூடிய கதைதான்.

ஆனால் இதே வழக்கில் மாட்டிக்கொண்ட போக்கர்ஸ்டார்ஸ் அமெரிக்க ஆட்டக்காரர்களின் பணத்தைச் சில வாரங்களுக்குள் திருப்பிக் கொடுத்துவிட்டது. ஏன்? ஆட்டக்காரர் பணத்தைத் தன் செலவுப் பணத்தோடு கலக்காமல் தனியாக வைத்திருந்தது. 2012 ஜூலை மாதம் அமெரிக்க சர்க்காரோடு செய்துகொண்ட சமாதானத்தில் 73 கோடியே 10 லட்சம் டாலர் கட்டுவதாக ஏற்று, ஃபுல் டில்ட்டையும் வாங்கி, வெளிதேசத்து ஆட்டக்காரர்களின் பாக்கியையும் தீர்த்தது. ஃபுல் டில்ட்டின் அமெரிக்க ஆட்டக்காரர்களுக்கோ 2014-ல்தான் பணம் வர ஆரம்பித்தது. போக்கர்ஸ்டார்ஸ்காரர்கள் உத்தமர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை; அவர்கள் மீதும் சட்டவிரோதமான காரியங்களுக்காக வழக்கு இருக்கத்தான் இருந்தது. நாம் சொல்லுவது இவ்வளவுதான்: வெளியே இருந்து பார்த்தவனுக்கு இரண்டு கூடமும் ஒரே மாதிரி தெரிந்தது. பெட்டியைத் திறந்த அன்றுதான் வித்தியாசம் தெரிந்தது. ஆகவே பெட்டி எங்கே, சாவி யாரிடம் என்பதை முன்னதாகவே கேட்க வேண்டும்.

சீட்டைக் கலைப்பது இயந்திரம்தானே, அதில் மோசம் ஏது என்பார்கள் சிலர். 52 சீட்டை எத்தனை விதமாக வரிசை வைக்கலாம் தெரியுமா? 8 எழுதி அதன் பின்னால் 67 சைபர் போட்டால் சுமாராக அந்தத் தொகை வரும். 1999-ல் ஒரு கம்பெனி, தன் கலைப்பு யோக்கியமானது என்று காட்டுவதற்காகக் கலைக்கும் முறையையே பகிரங்கமாக வெளியிட்டது. நிபுணர்கள் சிலர் அதை ஆராய்ந்தார்கள். அந்த முறை நடுராத்திரி முதல் எத்தனை மில்லி விநாடி சென்றது என்ற எண்ணைக் கொண்டு ஆரம்பித்ததால், ஒரு நாளைக்கு 8 கோடியே 64 லட்சம் விதமாக மாத்திரமே சீட்டு விழ முடியும் என்றும், கடிகாரத்தை ஒத்துப் பார்த்தால் அது சுமார் 2 லட்சமாகக் குறைந்துவிடும் என்றும், தன் இரண்டு சீட்டும் நடுவில் மூன்று சீட்டும் தெரிந்தவுடன் மற்ற சீட்டெல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றும் நிரூபித்தார்கள். பிழை திருத்தப்பட்டது. அந்தக் கம்பெனி முறையை மறைத்து வைத்திருந்தால் பிழையும் மறைந்தே இருந்திருக்கும். எதையும் வெளிச்சத்தில் வைத்துப் பலர் சோதிக்க விடுகிறவனிடத்தில்தான் பிழை திருந்தும்.

இன்னொரு கூட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். "எந்தக் கூடம் நல்ல கூடம்" என்று தராதரம் எழுதி வெளியிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இவர்களில் பலருக்கு, அவர்கள் மூலம் சேருகிற ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் கூடக்காரன் தரகு கொடுக்கிறான். சில இடங்களில் அந்த ஆட்டக்காரன் கட்டுகிற கமிஷனிலேயே பங்கு கொடுக்கிறான். மாட்டுத் தரகன் மாட்டைப் புகழ்வதை நம் கிராமத்தார் எந்த அளவுக்கு நம்புவார்களோ அந்த அளவுக்குத்தான் இதையும் நம்பலாம். "முதலில் பணம் கட்டினால் மேலே இனாம்" என்பதும் இப்படிப்பட்டதே. அந்த இனாம் கைக்கு வருவதற்கு முன் எவ்வளவு கமிஷன் கட்டித் தீர்க்க வேண்டும் என்று அடியில் சிறு எழுத்தில் போட்டிருப்பார்கள்.

ஆகவே ஒரு கூடத்தின் நாணயத்தை அளக்க வேண்டுமானால் கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான். ஆட்டக்காரர் பணம் தனியாக இருக்கிறதா, அதை வெளியார் யாராவது தணிக்கை செய்கிறார்களா? பணத்தைத் திரும்பக் கேட்டால் எத்தனை நாளில் வருகிறது? கலைக்கும் முறையைச் சோதித்தவர் யார்? நாம் ஆடிய ஆட்டங்களின் பதிவு முழுவதும் நம் கைக்கு வருமா? இரண்டு பேர் கூட்டுச் சேர்ந்து ஆடினாலும், மனிதனுக்குப் பதில் இயந்திரம் ஆடினாலும் கண்டுபிடித்து நஷ்டப்பட்டவனுக்குப் பணத்தைத் திருப்பியிருக்கிறார்களா? கமிஷன் எவ்வளவு? சொந்தக்காரன் யார், எந்த தேசத்துக் கோர்ட்டில் அவனை நிறுத்தலாம்? இவற்றுக்குப் பதில் சொல்லாமல், பேர் பெற்றவரின் படத்தையும் லைசென்சுப் பத்திரத்தையும் காட்டுகிறவன் எவனாயிருந்தாலும் அவனிடமிருந்து விலகுவதே புத்திசாலித்தனம்.

நம் தேசத்தில், திறமை ஆட்டமானாலும் அதிர்ஷ்ட ஆட்டமானாலும், இணையத்தில் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை நடத்தக் கூடாதென்று 2025 ஆகஸ்டு மாதம் பார்லிமெண்டு சட்டம் செய்தது. அதற்குப் பிறகு இங்குள்ள கம்பெனிகள் பல பண ஆட்டத்தை நிறுத்திக்கொண்டன. ஆனால் வாசல் மூடியிருந்தால் ஜன்னல் வழியாகக் கூப்பிடுகிறவர்கள் இருக்கத்தான் இருப்பார்கள். ஏதோ தீவின் லைசென்சைக் காட்டி யாராவது உங்கள் வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டால், அவன் பணம் போனபின் எந்தக் கோர்ட்டில் நின்று கேட்பான் என்று அவனையே கேளுங்கள். பதில் இராது. கட்டின பணம் திரும்ப வருமென்று சொல்ல முடியாத இடத்தில் ஒரு காசும் கட்டவேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. இந்தக் கேள்விகளைச் சீட்டுக் கூடத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். உங்கள் பணத்தை வாங்கி வைத்துக்கொள்ளுகிற சீட்டுக் கம்பெனி, நிதிக் கம்பெனி, சங்கம், பாங்கி எதுவாயிருந்தாலும் இதே கேள்விகளைக் கேளுங்கள். கேட்டதற்குக் கோபித்துக்கொள்ளுகிறவன் எவனோ அவனிடம் கணக்குச் சரியில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நஷ்டம் வரும்போது விதியை நோகுவதற்கு முன் கணக்கை எடுத்துப் பாருங்கள்.