இரண்டு வாரம் மின்சாரச் சைக்கிளில்



தில்லிக்குச் சர்க்கார் உத்தியோகம் தேடி வந்த பழைய தலைமுறைத் தமிழர்களைப் பற்றிப் பேசுகிறவர்கள், கரோல்பாக் சமையலறைகளையும் குளிர்காலத்துக் கம்பளிக் கோட்டையும் மறக்காமல் குறிப்பிடுவார்கள். சைக்கிளை மட்டும் மறந்துவிடுவார்கள். 1950-களில் காலை வேளையில் செக்ரடேரியட்டை நோக்கிச் சாரிசாரியாகச் சென்றவை சைக்கிள்கள்தாம். சாப்பாட்டு டப்பாவைக் காரியரில் கட்டிக்கொண்டு, கால்சட்டையின் நுனியைக் கிளிப்பில் அடக்கிக்கொண்டு குமாஸ்தாக்கள் போவார்கள். பின்னர் அந்தச் சைக்கிள் ஸ்கூட்டருக்கு இடம் கொடுத்தது. ஸ்கூட்டர் காருக்கும், 2002-க்குப் பிறகு மெட்ரோ ரயிலுக்கும் இடம் கொடுத்தது. இப்போது அதே சைக்கிள் பாட்டரி ஒன்றைச் சுமந்துகொண்டு திரும்பி வந்திருக்கிறது. அதை இரண்டு வார காலம் ஓட்டிப் பார்த்த அநுபவத்தைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

முதலில் பெயர். மொழிபெயர்ப்பே பிழைப்பாக உள்ள எனக்குப் புதிய யந்திரம் எதைக் கண்டாலும் இந்தக் கவலைதான் முந்திக்கொள்கிறது. மின்மிதிவண்டி என்று சிலர் எழுதுகிறார்கள். அழகான சொல்தான். ஆனால் மிதிக்கிற வேலையை மின்சாரமே பார்த்துக்கொள்ளும், நாம் சும்மா உட்கார்ந்திருக்கலாம் என்ற எண்ணத்தை அது உண்டாக்கிவிடும். கைப்பிடியைத் திருகினால் தானே ஓடும் வகையும் உண்டு. நான் ஓட்டியது அதுவல்ல. நாம் மிதித்தால்தான் அது உதவும். நாம் நிறுத்தினால் அதுவும் நிறுத்திவிடும். ஆகையால் மின்சாரச் சைக்கிள் என்றே சொல்லிவிடுகிறேன்.

யோசனை ஒன்றும் புதிதல்ல. 1895-ஆம் ஆண்டின் கடைசி நாளன்று அமெரிக்காவில் ஆக்டன் போல்ட்டன் என்பவர், பின்சக்கரத்தின் நடுவே மோட்டார் பொருத்திய சைக்கிளுக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் பாட்டரியின் கனமே அந்த யோசனைக்கு நெடுங்காலம் எமனாக இருந்தது. 1993-இல் ஜப்பானில் யமஹா நிறுவனம், மிதிக்கிற காலுக்குத் துணை நிற்கும் மோட்டார் வைத்த சைக்கிளை விற்பனைக்குக் கொண்டு வந்தது. பிறகு லேசான லித்தியம் பாட்டரி வந்து சேர்ந்ததும் காரியம் சுலபமாயிற்று.

எனக்குச் சைக்கிளை இரவல் தந்தவர் அலுவலக நண்பர். விடுமுறையில் கேரளத்துக்குப் போகும்போது சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். பாட்டரி 36 வோல்ட், 8 ஆம்பியர்-மணி. இரண்டையும் பெருக்கினால் 288 வாட்-மணி. சார்ஜ் செய்யும்போது வீணாவதையும் சேர்த்தால், ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி இருபது நிமிஷத்தில் குடிக்கிற மின்சாரம் அது. ராமகிருஷ்ணபுரத்து வீட்டிலிருந்து என் அலுவலகம் சுமார் 8 கிலோமீட்டர். இரண்டு நாள் போய் வர ஒரு சார்ஜ் போதுமாயிருந்தது.

பெடல் அரைச் சுற்றுச் சுற்றியதும் பின்னாலிருந்து யாரோ தள்ளுவது போல் இருக்கிறது. நம்மில் பலர் சிறு வயதில் வாடகைச் சைக்கிளின் சட்டத்துக்குள் காலை நுழைத்து, குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டவர்கள். அப்போது அண்ணனோ சித்தப்பாவோ சீட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வருவார். திரும்பிப் பார்த்தால், எப்போதோ கையை விட்டுவிட்டு வெகு தூரத்தில் நின்று சிரித்துக்கொண்டிருப்பார். அந்தக் கை மறுபடியும் சீட்டுக்கு வந்து சேர்ந்தாற்போல் இருந்தது. ஒரே ஒரு குறை. கூட்டத்தில் மெதுவாகத் திரும்பும்போதும் அந்தக் கை தள்ளத்தான் செய்கிறது. பிரேக்கை லேசாகத் தொட்டால் மோட்டார் ஓய்ந்துவிடும். இந்தச் சூட்சுமம் கைவர மூன்று நாள் பிடித்தது.

நான் நாற்பத்தாறு வயதுக்காரன். வலது முழங்கால் மூன்று வருஷமாகவே முனகிக்கொண்டிருக்கிறது. சாதாரணச் சைக்கிளாயிருந்தால் ரிங் ரோடு மேம்பாலத்தின் ஏற்றத்தில் இறங்கித் தள்ளியிருப்பேன். இதிலோ, மூச்சு வாங்காமல் மேலே போய்ச் சேர்ந்தேன். சாந்தி பத்தின் அகலத்தையும், ராஜாஜியின் பெயரைத் தாங்கிய வீதியின் மரநிழலையும் பஸ் ஜன்னல் வழியாகப் பல வருஷம் பார்த்திருக்கிறேன். அந்த வேப்பம்பூ வாசனை பஸ்ஸுக்குள் வந்ததில்லை. அரை மணி நேரத்தில் அலுவலகம் வந்துவிட்டது. சட்டை நனையவில்லை. வெயில் நாட்டில் சைக்கிளை உத்தியோகஸ்தன் கைவிட்டதற்குப் பாதிக் காரணம் தூரம். மறு பாதி வியர்வை அல்லவா?

அலுவலக வாசலில் காவலர் தடுத்தார். "யே கியா ஹை, சைக்கிளா மோட்டாரா?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதே. மோட்டாரின் சக்தி கால் கிலோவாட் வரம்புக்குள்ளும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர் வரம்புக்குள்ளும், பாட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்கு மேற்படாமலும் இருந்தால், மத்திய மோட்டார் வாகன விதிகள் இதை மோட்டார் வாகனமாகக் கொள்வதில்லை. லைசென்ஸ் வேண்டாம், பதிவு எண் வேண்டாம். இதை அவருக்கு ஹிந்தியில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டவர், "சாவி இருக்கிறதே!" என்று சொல்லி ஸ்கூட்டர் வரிசையைக் கை காட்டினார்.

25 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் மோட்டார் விலகிக்கொள்கிறது. அதற்கு மேல் போக நினைத்தால், மணலில் இறங்கியது போல் கால் திணறும். பாட்டரி தீர்ந்தால் என்ன கதி என்று பார்ப்பதற்காக ஒரு மாலை வேண்டுமென்றே அதை வற்றவிட்டேன். 22 கிலோ எடையுள்ள சைக்கிளை மிதித்து வருவது அரிசி மூட்டையை வைத்து மிதிப்பது போலத்தான். மாடிக் குடியிருப்புக்காரர்கள் பாட்டரியைக் கழற்றி மேலே கொண்டுபோய்ச் சார்ஜ் செய்யலாம். இது பெரிய சௌகரியம்.

யந்திரம் நன்றாக வந்துவிட்டது. சாலைதான் வரவில்லை. இந்தச் சைக்கிள் மற்றச் சைக்கிள்களுக்கு அதிக வேகம். ஸ்கூட்டர்களுக்கு அதிக மந்தம். இடது ஓரத்தில் போனால் நிறுத்தி வைத்த கார்கள். சற்று உள்ளே வந்தால் பஸ்ஸின் ஹார்ன். 2008-இல் தில்லியில் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை பஸ்ஸுக்குத் தனிப்பாதை போட்டபோது, அதன் ஓரத்தில் சைக்கிளுக்கும் தடம் அமைத்தார்கள். அது மோட்டார் சைக்கிள்களுக்குக் குறுக்கு வழியாகப் பயன்பட்டது. கார்க்காரர்களின் கண்டனம் ஓயவில்லை; 2016-இல் பஸ் பாதையையே பெயர்த்துவிட்டார்கள். கல்கத்தாவில் வசிக்கும் நேயர்களுக்கு வேறு கதை நினைவிருக்கும். அங்கே 2013-இல் நூற்றுக்கு மேற்பட்ட சாலைகளில் சைக்கிளே கூடாது என்று போலீஸார் தடை விதித்தார்கள். பால்காரரும் பேப்பர் போடுகிற பையனும் எந்தச் சாலையில் போவதாம்?

என் மனைவி புதுக்கோட்டைக்காரி. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது அந்த ஜில்லாவில் பதினாயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். தம் தாயார் கற்ற அதே மைதானத்தில் தாமும் கற்றதாகச் சொல்லுவாள். தில்லிக்கு வந்த பிறகு அவள் சைக்கிளைத் தொட்டதில்லை. இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை குடியிருப்புக்குள் நான்கு சுற்றுச் சுற்றிவிட்டு, "இங்கே ஓட்டலாம், ரிங் ரோட்டில் நீங்களும் ஓட்டக் கூடாது" என்றாள். சாந்தி பத் வரை உட்புற வீதிகளாகவே போகும் வழி ஒன்றை இருவருமாகக் கண்டுபிடித்தோம். ரிங் ரோட்டைக் குறுக்கே கடந்தால் போதும். ஒரு கிலோமீட்டர் கூடுதல்.

இந்தச் சைக்கிள் என்னைவிட எங்கள் குடியிருப்பின் தோட்டக்காரருக்கே அதிகம் வேண்டியது. நஜஃப்கட் பக்கத்திலிருந்து தினமும் இருபது கிலோமீட்டருக்குமேல் மிதித்து வருகிறார். மாலையில் அதே தூரம் திரும்புகிறார். விலையைக் கேட்டார். முப்பதாயிரம் ரூபாய் என்றேன். 2022-இல் தில்லி அரசு முதல் பதினாயிரம் பேருக்கு 5,500 ரூபாய் வரை மானியம் அறிவித்ததுண்டு. அதைக் கழித்தாலும் அவருக்கு எட்டுகிற தொகையல்ல. ஓட்டிப் பாருங்கள் என்று கொடுத்தேன். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறி, இரண்டு சுற்றுப் போய் வந்தார். சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. இறங்கியதும் அவர் கேட்ட கேள்வி, இரண்டு வாரத்தில் எனக்குத் தோன்றாதது: "பாட்டரி செத்துப்போனால் புதிய பாட்டரி என்ன விலை, ஐயா?"

நண்பருக்கு டெலிபோன் செய்து கேட்டேன். பத்தாயிரத்துக்குக் குறையாது, சில வருஷங்களுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்றார். தோட்டக்காரர் தலையை அசைத்துவிட்டுத் தம் பழைய சைக்கிளின் பின் டயரை அமுக்கிப் பார்த்தார். வாங்க எண்ணமுள்ள நேயர்கள் கடையில் மோட்டாரைப் பற்றி விசாரிக்கும் முன் அவருடைய கேள்வியைக் கேளுங்கள். உத்தரவாதம் எத்தனை வருஷம் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.