தீவகத்தின் நன்னீரும் பல்கலைக்கழகத்தின் கடனும்

(ஊர்காவற்றுறையில் ஆற்றிய உரை)



நம் தீவகத்தில் வற்றாத ஆறு ஒன்றேனும் உண்டா? இல்லை. மாரிமழை சுண்ணக்கல்லில் ஊறி, கீழுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. அதுவே நம் கிணற்று நன்னீர். கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நிற்கும் என்பது கணக்கு. மேலே 1 அடி குறைய இறைத்தோமாயின், கீழிருந்து 40 அடி உவர் ஏறும்!

இவ்வறிவு விவசாய பீடத்துக்கு மட்டும் உரியதன்று. 1974இல் வளாகமாகத் தோன்றி, 1979இல் தனித்தியங்கத் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், இதனை ஒவ்வொரு பீடத்திலும் பாடமாக்குதல் வேண்டும். உரத்தின் நைத்திரேற்று கிணற்றிலிறங்கிக் கைக்குழந்தைக்குச் செய்யும் தீங்கை மருத்துவ மாணவர் கற்கட்டும். மழைநீரைத் தேக்கும் வழியைப் பொறியியல் மாணவர் கற்கட்டும். வெங்காயத்தின் அடக்கவிலையில் இழந்த நன்னீரையும் சேர்த்தெண்ண வணிக மாணவர் கற்கட்டும்.

சட்டம் பயின்ற நாமும் குற்றமற்றவரல்லோம். உறுதிகளில் கிணற்றுப் பங்கு, வழி, வாய்க்கால் என உரிமைகளை எழுதுகின்றோம்; அக்கிணற்றை உவராக்காதிருக்கும் கடமையை எழுதுவதில்லை. நிலத்துக்கு வேலியுண்டு; நிலத்தடி நீருக்கு வேலி ஏது? இதனை நாளைய சட்டத்தரணிக்குக் கற்பிப்பவர் யார்?

கிணறு உவரானால், பட்டம் பெற்ற பிள்ளையும் இவ்வூரில் குடியிருக்க இயலாது. ஆகவே இக்கல்வியை நாம் உரிமையோடு கேட்கின்றோம். மாணவர் வருக! நம் கிணறுகளே அவர்தம் ஆய்வுகூடமாகுக!