பாட்டனாரின் பாட்டனார் யார்?



உங்களிடம் ஒரு கேள்வி. தந்தையின் பெயர் தெரியும்; பாட்டனார் பெயரும் தெரியும். பாட்டனாரின் தந்தை பெயர் என்ன? அவர் எந்த ஊரில் பிறந்தார்? எங்கே அடக்கம் செய்யப்பட்டார்? நூறு ரூபாய் பாக்கியைக் கூடப் பல வருடம் பேரேட்டில் சுமந்து வரும் நம் வியாபாரிகளில், இந்தக் கணக்கை எழுதி வைத்திருப்பவர் எத்தனை பேர்?

தர்மபுரியிலிருந்து சுமார் 25 கி.மீ. தூரத்தில், காப்பியும் மிளகும் விளைகின்ற வத்தல்மலை இருக்கிறது. அங்கு வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். கேரளத்து மலையாளிகள் அல்லர். மலையில் வாழ்வதால் வந்த பெயர். இந்த மக்களிடம் வாய்வழியாக ஒரு வரலாறு உண்டு. முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தார்கள். அண்ணன் தம்பி மூவரில் மூத்தவர் சேர்வராயன் மலைக்கும், அடுத்தவர் கொல்லிமலைக்கும், இளையவர் பச்சைமலைக்கும் போனார்கள் என்பது அது. எட்கர் தர்ஸ்டன் 1909ல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூலில் இது பதிவாகி இருக்கிறது. முஸ்லிம் ஆட்சி தென்னாட்டில் ஓங்கியிருந்த காலத்தில், பத்துத் தலைமுறைக்கு முன் இது நடந்தது என்றும் அதில் இருக்கிறது.

இதைக் கேட்டதும் நம் இளைஞர் சிலருக்குக் கோபம் வரலாம். வேறு சிலர் இதை வைத்தே நம்மீது பழி போடவும் கூடும். இரண்டும் வேண்டாம். கணக்குப் போடுங்கள். தலைமுறைக்கு 25 முதல் 30 ஆண்டு என்றால், பத்துத் தலைமுறைக்கு 250 முதல் 300 ஆண்டு. 1909லிருந்து பின்னோக்கிப் போனால் 17ஆம் நூற்றாண்டின் முற்பாதி வருகிறது. கோல்கொண்டா சுல்தானின் படை கர்நாடகச் சீமைக்குள் இறங்கியது 1640களில். காலம் ஏறக்குறைய ஒத்துப்போகிறது. ஆனால் அதனால் மூன்று சகோதரர் கதை நிரூபணமாகி விடாது. விரட்டப்பட்டார்கள் என்றும் ஆகி விடாது. அந்தப் பதிவு காலத்தைத்தான் சொல்கிறது, காரணத்தைச் சொல்லவில்லை. சொல்லப்பட்டது எவ்வளவு, நாம் சேர்த்துக் கொண்டது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதுதான் ஆராய்ச்சி.

இது பழங்கதை மட்டுமா? இல்லை, வயிற்றுப்பாட்டுக் கேள்வியும் கூட! பட்டியல் பழங்குடி அரசாணையில் மலையாளி என்ற பெயர் தர்மபுரி, சேலம் போன்ற சில மாவட்டங்களின் பெயரோடுதான் இருக்கிறது. அன்றைய கோவை மாவட்டம் அதில் இல்லை. 1979ல் கோவையிலிருந்து பிரிந்ததே இன்றைய ஈரோடு. எனவே வத்தல்மலைக்காரருக்குக் கிடைக்கும் சான்றிதழ், ஈரோடு மாவட்டப் பர்கூர் மலையில் வாழும் அதே மக்களுக்குக் கிடைக்காமல், அவர்கள் நெடுங்காலமாகப் போராடி வருகிறார்கள். இரத்தம் ஒன்று, காகிதம் வேறு!

இனி நம் வீட்டுக்கு வருவோம். “திப்புவின் படையோடு வந்தோம்” என்று ஒரு குடும்பம் சொல்கிறது. “வாணியம்பாடியிலிருந்து தோல் வியாபாரத்துக்கு வந்தோம்” என்று இன்னொரு குடும்பம். “அரபு நாட்டு வம்சம்” என்று வேறொன்று. இந்தப் பாராமகால் சீமை 1792ல் திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போனது வரலாறு. ஆனால் உங்கள் முன்னோர் அந்தப் படையில் இருந்தார் என்பதற்கு ஆதாரம் எங்கே?

ஹதீஸ் கலை அறிஞர்கள் நமக்கு ஒரு வழி காட்டியிருக்கிறார்கள். யார் சொன்னது? அவருக்கு யார் சொன்னது? இருவரும் சந்தித்திருக்க முடியுமா? அதே கேள்விகளைக் குடும்பக் கதையிடமும் கேளுங்கள். இன்றே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, வீட்டின் முதியவர்களிடம் உட்காருங்கள். முக்கியமாக நன்னிமா, தாதிமாக்களிடம் கேளுங்கள். எந்த ஊரில் பெண் எடுத்தார்கள், எந்த ஊருக்குக் கொடுத்தார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். சொன்னவர் பெயரையும் தேதியையும் சேர்த்து எழுதுங்கள்.

பிறகு காகிதத்தைத் தேடுங்கள். பள்ளிவாசல் நிக்காஹ் தஃப்தரில் மணமக்களின் தந்தையர் பெயர் இருக்கும். பழைய கிரயப் பத்திரத்தில் தகப்பன் பெயர், ஊர், தொழில் எல்லாம் இருக்கும். பதிவானதென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேட்கலாம். பள்ளிவாசல், தர்கா மானிய நிலங்களுக்கு, 1858ல் அமைந்த இனாம் கமிஷனின் பதிவேடுகளை சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பார்க்கலாம். கபர்ஸ்தான் மீஸான் கல்லையும் விட்டு விடாதீர்கள். ஒரே மனிதர் ஓரிடத்தில் காதர், ஓரிடத்தில் காதிர், மற்றோரிடத்தில் காதர் பாட்சா என்று இருப்பார். மூன்றையும் குறித்துக் கொள்ளுங்கள்.

அவசரம் என்ன என்கிறீர்களா? 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, 2002, 2005ஆம் ஆண்டுப் பட்டியல்களில் தம் பெயரையோ பெற்றோர் பெயரையோ தேடி மக்கள் அலைந்தது நினைவிருக்கிறதா? ஓர் எழுத்து மாறிய பெயருக்காக எத்தனை பதற்றம்! இருபது ஆண்டுக்கே இந்தப் பாடு. வியாபாரத்துக்காக ஊர் விட்டு ஊர் மாறிய குடும்பங்களுக்குச் சிரமம் இன்னும் அதிகம்.

ஓர் எச்சரிக்கை. வம்சம் தேடுவது பெருமையடிக்க அல்ல. குலங்கள் ஒருவரை ஒருவர் அறிந்து கொள்ளவே, மேன்மை இறையச்சத்தில்தான் என்பது திருமறை (49:13) தரும் பாடம். தேடிப் போனால் அரேபியாவுக்குப் பதிலாகப் பக்கத்துக் கிராமத்து உழவரோ நெசவாளரோ வந்து நிற்கலாம். வரட்டும்! அவரும் நம் பாட்டனார்தான். இந்த மண்ணில் நம் வேர் எவ்வளவு ஆழம் என்பதற்கு அவரே சாட்சி.

பெரியவர் ஒருவர் மவுத்தானால் அவரோடு நாலு தலைமுறையின் பெயர்களும் மண்ணுக்குள் போய்விடுகின்றன. அடுத்த ஜும்ஆவுக்குள் நாலு பெயரையாவது எழுதி விடுங்கள். ஜமாஅத் நிர்வாகிகளே, கிழிந்த தஃப்தர்களை நகலெடுத்துப் பத்திரப்படுத்துங்கள். வல்ல இறைவன் துணை செய்வானாக!