பனிமேட்டில் ஒரு தனிவழி

இங்கிலாந்து என்றதும் புகைபோக்கிகள் நிறைந்த தொழில் நகரங்களே பலருடைய நினைவுக்கு வரும். ஆயினும், மன்செஸ்ரர், ஷெபீல்ட் என்னும் இரு பெருந் தொழில் நகரங்களுக்கும் நடுவே, வீடும் மரமும் இன்றி வானத்தை நோக்கிக் கிடக்கும் அகன்ற மேட்டுநிலம் ஒன்று உண்டு. இத்தகைய தரிசு மேட்டுநிலத்தை அந்நாட்டார் ‘மூர்’ என்பர். அது அமைந்திருக்கும் பீக் மாவட்டம் 1951ஆம் ஆண்டிலே பிரித்தானியாவின் முதலாவது தேசிய பூங்காவாயிற்று. அதன் வடபாகத்தில் உள்ளது பிளீக்லோ என்னும் மேடு. உயரம் 633 மீற்றர். நம் நுவரெலியா நகரத்தின் உயரத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு. இத்துணைச் சிறிய மேட்டில் நடப்பதும் ஒரு செயலாகுமோ என்று நேயர்கள் வினவலாம். குளிர்காலத்திலே, துணையின்றி, அதன்மீது ஒரு முறை நடந்தவர் அவ்வாறு வினவமாட்டார்.

மன்செஸ்ரர் நகரத்து எழுதுவினைஞர் ஒருவர் சனவரி மாதத்தின் நடுவில் ஒரு சனிக்கிழமை அத்தகைய நடைக்குப் புறப்படுகிறார் என மனக்கண்ணில் நிறுத்திப் பார்க்கலாம். தோளிலே ஒரு பை. பையினுள் தேசப்படம், திசையறி கருவி, ரோர்ச், ஊதுகுழல், பாண் துண்டுகள், சுடுதேநீர் நிறைந்த போத்தல். மார்போடு அணைத்தபடி ஒரு கமரா. அவர் தேடிச் செல்வது ஒரே ஒரு படத்தை. அது எதைப் பற்றியது என்பதைப் பின்னர் கூறுதல் பொருந்தும்.

புறப்படுமுன் அவர் செய்த காரியம் ஒன்றுண்டு. போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி மனைவியிடம் கொடுத்தார். தாளின் அடியில், “பகல் ஒரு மணிக்கு எங்கு நின்றாலும் திரும்புவேன்” என்றும் எழுதினார். இவ்வொரு வரிதான் அன்றைய நடையின் உயிர்நாடி.

ஏன் ஒரு மணி? ஆண்டு முழுவதும் ஏறத்தாழப் பன்னிரண்டு மணிநேரப் பகலைக் காணும் நம்மவர்க்கு அது விளங்குதல் அரிது. அம்மாதத்தில் அங்கே சூரியன் காலை எட்டேகால் அளவில் எழுந்து, மாலை நாலேகால் அளவில் மறைந்துவிடும். உச்சிப்பொழுதிலும் அது அடிவானத்துக்குமேல் 15 பாகை அளவே நிற்கும். படம் பிடிப்போர்க்கு அஃதொரு வரம். நாள் முழுவதும் நீண்ட நிழல்கள், சாய்ந்த பொன்னொளி. நடப்போர்க்கோ அது கடனாகப் பெற்ற பணம் போன்றது. எண்ணி எண்ணியே செலவிடல் வேண்டும்.

செலவைக் கணக்கிட ஒரு பழைய விதியும் உண்டு. ஸ்கொத்லாந்து மலையேறியான நெய்ஸ்மித் என்பவர் 1892இல் வகுத்தது அது. மூன்று மைல் தூரத்துக்கு ஒரு மணி; அதனோடு இரண்டாயிரம் அடி ஏற்றத்துக்கு இன்னுமொரு மணி. குளொசொப் என்னும் சிற்றூரில் புகையிரதத்தை விட்டிறங்கிக் காலை எட்டே முக்காலுக்கு நடக்கத் தொடங்கியவருக்கு, அவ்விதிப்படி இரண்டரை மணிநேரம் போதும். பனி கிடந்தால் மேலும் ஒரு மணி. ஆகவே பன்னிரண்டேகாலுக்கு எண்ணிய இடத்தை அடையலாம் என்பது அவர் கணக்கு.

டொக்ரர்ஸ் கேற் என்னும் பழம் பாதை ஓடையொன்றின் கரையோடு ஏறுகிறது. கீழே மழையாக இருந்தது மேலே பனியாக மாறுகிறது. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் ஆறு பாகைக்குமேல் குறையும் என்பது புவியியல் பாடம்; ஆனால் திறந்த மேட்டின் காற்று அந்தப் பாடத்தில் அடங்காது. கையுறையைக் கழற்றி ஒரு படம் எடுப்பதற்குள் விரல்கள் மரத்துவிடுகின்றன. குளிரில் பற்றரியும் விரைவில் சோர்ந்துவிடும். ஆதலின் மாற்றுப் பற்றரியை உடலின் சூடு படும்படி உட்சட்டைப் பையில் வைத்திருக்கிறார். பனியைப் படம் பிடிப்பதில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஒளியை அளக்கும் கருவி வெண்பனியையும் சாம்பல் நிறமாகக் கொள்ளும் இயல்புடையது. அதன் சொற்படி எடுத்தால் படம் மங்கிப்போகும். பனியை வெண்மையாகக் காட்டவேண்டின், கருவி சொல்வதிலும் கூடுதலான ஒளியை உள்ளே விடல் வேண்டும்.

மேட்டின் நிலம் மண்ணன்று, முற்றாநிலக்கரி. ஸ்பாக்னம் என்னும் நீர்ப்பாசி பல்லாயிரம் ஆண்டுகளாக மட்கிப் படிந்ததனால் உண்டானது. சுற்றியிருந்த தொழிற்சாலைகளின் புகை அந்தப் பாசியைக் கொன்றது. காட்டுத்தீயும் ஆடுகளின் மேய்ச்சலும் எஞ்சிய தாவரத்தை அழித்தன. போர்வையிழந்த நிலத்தை மழை அறுத்தது. அதனால் ஆளுயரத்துக்கும் மேலான கரிய பள்ளங்கள், ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அவற்றுள் இறங்கியவனுக்கு நான்கு திசையும் ஒன்றுதான். 2003ஆம் ஆண்டு முதல் அம்மேடுகளில் பாசியை மீண்டும் நட்டு, பள்ளங்களுக்கு அணையிடும் பணி நடந்து வருகிறது.

டெவில்ஸ் டைக் என்னும் அகழியருகே அவர் ஒரு மலைமுயலைக் கண்டார். குளிர்காலத்தில் வெண்ணிற உரோமம் பூணும் அவ்வினம், பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஸ்கொத்லாந்திலிருந்து கொண்டுவந்து விடப்பட்டது. பனியின்மேல் அது கண்ணுக்குத் தெரியாது. பனி உருகிய கரிய நிலத்திலோ விளக்குப்போல் துலங்கும். மறைவதற்கென்று இயற்கை அளித்த ஆடையே அதனைக் காட்டிக்கொடுத்தது. அவர் நிலத்திலே படுத்தார், ஊர்ந்தார், காத்தார். முயல் தலைதிருப்பி நோக்கிய கணத்தில் படம் விழுந்தது. எழுந்து கடிகாரத்தைப் பார்த்தபோது நாற்பது நிமிடங்கள் கழிந்திருந்தன.

இனி, அவர் தேடி வந்தது எது என்பதைக் கூறலாம். ஹையர் ஷெல்ப் ஸ்ரோன்ஸ் என்னும் பாறைக்கூட்டத்தின் அண்மையில் ஒரு விமானத்தின் சிதைவுகள் இன்றும் கிடக்கின்றன. அமெரிக்க விமானப்படையைச் சேர்ந்த பி-29 வகை விமானம் அது. வானிலிருந்து படம் பிடிப்பதே அதன் தொழில். அளவுக்கு மிஞ்சி ஒளிபட்ட படத்தைக் குறிக்கும் ‘ஓவர் எக்ஸ்போஸ்ட்’ என்ற சொல்லையே அதற்கு வேடிக்கையாகப் பெயரிட்டிருந்தனர். 1948ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள், ஸ்கம்ப்ரன் விமானத்தளத்திலிருந்து பேர்ட்டன்வூட் தளத்துக்குச் சென்றுகொண்டிருந்தபோது, மேகத்தினூடே இறங்கி இம்மேட்டில் மோதியது. அதிலிருந்த 13 பேரும் மாண்டனர். உலகத்தை மேலிருந்து பார்த்துப் பதிவுசெய்த விமானம், தன் காலடியில் இருந்த மேட்டைக் காணமுடியாமல் அழிந்தது. பனி மூடிய அந்தச் சிதைவுகளைப் பக்தியோடு படம் எடுத்து வரவேண்டும் என்பதே அவருடைய நெடுநாள் ஆசை.

சிதைவுகள் கிடக்கும் இடத்துக்கு இன்னும் அரைக் கிலோமீற்றர்தான். அப்போது மேகம் இறங்கியது. நிலமும் வெண்மை, வானும் வெண்மை. இரண்டையும் பிரிக்கும் கோடு மறைந்தது. கடிகாரத்தில் ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

அரைக் கிலோமீற்றர்! இவ்வளவு தூரம் வந்தவர் அதற்காகத் திரும்புவதா? பள்ளங்கள் நிறைந்த பனியில் போக அரைமணி, வர அரைமணி. படம் எடுக்கும் நேரம் வேறு. கேட்பதற்கு எளிய கணக்கு. மனைவியின் கையிலுள்ள தாள் அவர் நினைவுக்கு வந்தது. தாம் திரும்பாவிடின், ஊதியம் பெறாத மீட்புத் தொண்டர்கள் தம் வீட்டு அடுப்பங்கரையை விட்டு இந்த இருளில் ஏறவேண்டும் என்பதும் நினைவுக்கு வந்தது. அவர் சிறிது நேரம் அசையாது நின்றார். பின்பு கமராவைப் பைக்குள் வைத்து வாரை இறுக்கினார்.

திரும்பும் வழி எளிதாக இருக்கவில்லை. அவர் பதித்து வந்த அடிச்சுவடுகளைக் காற்று பனியால் நிரப்பிவிட்டது. பாதை இடப்புறம் என்றது மனம். வலப்புறம் என்றது திசையறி கருவியின் முள். மேகத்துள் அகப்பட்டவனுக்கு மனமே முதற்பகை. அவர் முள்ளை நம்பினார். ஒரு பள்ளத்தில் முழங்காலளவு புதைந்தார், எழுந்தார், மறுபடியும் முள்ளைப் பார்த்தார். ஏறத்தாழ ஒரு மணிநேரம் சென்றபின், பாதத்தின்கீழ் ஏதோ வன்மையாகத் தட்டியது. கல்!

அது பெனைன் வழி என்னும் நெடும்பாதையில் பாவப்பட்ட பலகைக்கல். நிலம் மேலும் அரிக்கப்படாதிருக்க, அவ்வழியில் இடையிடையே கற்பலகைகள் இடப்பட்டுள்ளன. அவற்றுட் பல, இடிக்கப்பட்ட பஞ்சாலைகளின் தளத்திலிருந்து எடுக்கப்பட்டவை. ஆலைத் தொழிலாளர் நாள் முழுவதும் நின்று உழைத்த கற்கள் அவை. ஒரு காலத்தில் அத்தொழிலாளர்கள் இம்மேடுகளில் கால்வைக்கவும் உரிமையற்றிருந்தனர். இவை செல்வர்கள் பறவை வேட்டையாடும் நிலங்கள். 1932ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள், அயலிலுள்ள கின்டர் ஸ்கவுட் மேட்டில், ஏறத்தாழ 400 பேர் தடையை மீறி ஏறினர். அவர்களுள் ஐவர் சிறை சென்றனர். தலைமை தாங்கிய பெனி ரொத்மனுக்கு அப்போது வயது இருபது. முப்பத்துமூன்று ஆண்டுகள் கழித்து, 1965ஆம் ஆண்டில், அதே ஏப்ரல் 24ஆம் நாளிலேயே பெனைன் வழி திறக்கப்பட்டது.

அந்தக் கல்லின்மேல் நின்று அவர் கமராவை வெளியே எடுத்தார். வெண்மையினுள் சென்று மறையும் கற்களின் வரிசையை ஒரே ஒரு படம் எடுத்தார். குளொசொப்பின் விளக்குகள் கண்ணுக்குத் தெரிந்தபோது மணி நாலு. பகலில் இன்னும் கால் மணிநேரம் மீதி இருந்தது.

வீட்டை அடைந்ததும் அவர் கமராவைப் பையினுள்ளேயே வைத்திருந்தார். குளிர்ந்த கருவியைச் சூடான அறையில் உடனே திறந்தால் அதில் நீர் படியும். முயலின் படத்தையும் கல்லின் படத்தையும் மறுநாள் மனைவிக்குக் காட்டினார். விமானத்தின் படம் எங்கே என்று அவர் கேட்டார்.

“அது அங்கேதான் கிடக்கிறது, அடுத்த ஆண்டும் கிடக்கும்” என்றார் கணவர். மனைவி அந்தத் தாளை எடுத்து, கிழிக்காமல், மேசை இழுப்பறையில் வைத்தார்.