குண்டு சொல்லும் சாட்சிக்கு அளவுகோல் வேண்டும்



1967ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் சென்னை ராமாவரம் தோட்டத்தில் துப்பாக்கி வெடித்தது. எம்.ஜி.ஆர். கழுத்தில் குண்டு பாய்ந்தது. எம்.ஆர்.ராதாவும் குண்டுக் காயத்தோடு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். யாரை யார் சுட்டது என்பதே வழக்கின் கேள்வி. மனிதர்கள் சொன்ன சாட்சியோடு துப்பாக்கியும் குண்டுகளும் ஆராயப்பட்டன. முடிவில் ராதா குற்றவாளி எனத் தீர்ப்பாகிச் சிறை சென்றார்.

வாயில்லாத குண்டு எப்படிச் சாட்சி சொல்லும்?

துப்பாக்கிக் குழாயின் உட்புறத்தில் திருகுபோல் சுழன்று செல்லும் பள்ளங்கள் உண்டு. அதன் வழியே பாயும் குண்டின் மேல் கீறல்கள் விழுகின்றன. தோட்டாவின் உறையில் துப்பாக்கி ஊசி குத்திய தழும்பு பதிகிறது. சந்தேகத்திற்குரிய துப்பாக்கியால் தண்ணீர்த் தொட்டிக்குள் சுட்டு, அந்தக் குண்டையும் சம்பவ இடத்தில் கிடைத்த குண்டையும் நுண்ணோக்கியில் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிடுகிறார் நிபுணர். கிள்ளானில் ஒரு வீட்டுப் பூட்டு வெட்டப்பட்டாலும், பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைக் கதவு திருப்புளியால் நெம்பப்பட்டாலும், கருவி விட்டுச் சென்ற தடத்தை ஆராயும் முறை ஏறக்குறைய இதுதான்.

சிக்கல் எங்கே?

எவ்வளவு ஒத்திருந்தால் இரண்டும் ஒன்று எனலாம்? இத்துறை நிபுணர்களின் சங்கம் அமெரிக்காவில் 1969இல் தொடங்கப்பட்டது. "போதிய அளவு ஒற்றுமை" வேண்டும் என்பது அது வகுத்த விதி. எது போதிய அளவு என்பதை நிபுணரின் பயிற்சியும் அனுபவமுமே முடிவு செய்கின்றன. இந்தக் குறையை அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் அறிக்கை 2009இல் சுட்டிக் காட்டியது. அதற்கு முந்திய ஆண்டில் டெட்ராய்ட் நகரப் போலீஸ் ஆய்வுக்கூடத்தின் துப்பாக்கி வழக்குகள் மறுபரிசோதனை செய்யப்பட்டன. 200 வழக்குகளில் 19இல் பிழை இருந்தது. ஆய்வுக்கூடம் மூடப்பட்டது.

பிழையின் விலை என்ன என்பதற்கு அந்தோணி ரே ஹின்டன் என்ற கறுப்பின மனிதரே சாட்சி. அவர் தாயார் வீட்டில் இருந்த ரிவால்வரும் கொலைக் குண்டுகளும் பொருந்துகின்றன என்று அலபாமா மாநில நிபுணர்கள் சொன்னதை நம்பி 1986இல் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. போதிய பணம் இல்லாததால் அவர் தரப்புக்குக் கிடைத்த நிபுணருக்கு ஒரு கண்தான் தெரியும். பின்னாளில் தேர்ந்த நிபுணர்கள் ஆராய்ந்து, பொருந்துவதாகச் சொல்ல முடியாது என்றார்கள். 2015 ஏப்ரலில் அவர் விடுதலையானார். போன 30 ஆண்டுகளை யார் திருப்பித் தருவது?

மலேசியாவுக்கு இதில் என்ன?

1971ஆம் ஆண்டின் சுடும் ஆயுதங்கள் (கூடுதல் தண்டனை) சட்டப்படி, கொள்ளை போன்ற குற்றத்தின்போது உயிரைப் பறிக்கவோ காயப்படுத்தவோ எண்ணிச் சுட்டவருக்கு மரண தண்டனை கட்டாயமாக இருந்தது. 2023இல் அந்தக் கட்டாயம் நீங்கியது. இன்று மரணமா, 30 முதல் 40 ஆண்டு சிறையும் பிரம்படியுமா என்பதை நீதிபதி முடிவு செய்யலாம். கயிறு தளர்ந்ததே தவிர அறுந்துவிடவில்லை. ஆகவே, செராஸில் உள்ள போலீஸ் தடயவியல் ஆய்வுக்கூடத்திலிருந்து வரும் ஓர் அறிக்கையில் ஒருவர் வாழ்வே அடங்கியிருக்கலாம்.

அளவுகோல் என்றால் எவை? ஆய்வுக்கூடத்திற்கு ஐ.எஸ்.ஓ. 17025 தர அங்கீகாரம் வேண்டும். நிபுணருக்குக் குறித்த காலத்தில் தேர்வு வைக்க வேண்டும். முதல்வரின் முடிவு தெரியாமலே இரண்டாமவர் சரிபார்க்க வேண்டும். பிடிபட்டவர் யார், என்ன சொன்னார் என்பது நிபுணர் காதுக்கு எட்டக்கூடாது. ஒப்பிட்ட படங்கள் கோப்பில் இருக்க வேண்டும். "முடிவு செய்ய இயலவில்லை" என்று எழுத நிபுணர் தயங்கக் கூடாது. அது தோல்வி அல்ல, நேர்மை. 2023இல் மேரிலாண்ட் மாநில உச்ச நீதிமன்றம், இந்தத் துப்பாக்கியிலிருந்துதான் குண்டு வந்தது என்று நிபுணர் அடித்துச் சொன்னதை ஏற்க மறுத்தது.

குடும்பத்தார் செய்யக் கூடியதும் உண்டு. 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 45ஆவது பிரிவுப்படி நிபுணர் சொல்வது கருத்து, தீர்ப்பு அல்ல. அரசுத் தரப்பு தாக்கல் செய்யவிருக்கும் ஆவணங்களின் நகலை விசாரணைக்கு முன்பே பெறும் உரிமையைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 51ஏ பிரிவு தருகிறது. 399ஆவது பிரிவின்படி குறிப்பிட்ட சில அதிகாரிகளின் அறிக்கை, அவர்கள் நேரில் வராமலே சாட்சியமாகிவிடும். குற்றஞ்சாட்டப்பட்டவர் கேட்டால் அவர் கூண்டேறியாக வேண்டும். கேட்பதற்குக் காலக்கெடு உண்டு. எனவே வழக்கறிஞரிடம் முதல் நாளே பேசுங்கள்.

குற்றவாளி தப்பக் கூடாது. நிரபராதி மாட்டக் கூடாது. இரண்டுக்கும் தேவை ஒரே அளவுகோல்தான். சிந்தியுங்கள் நேயர்களே.