பெரட்டுக்குப் பூட்டில்லை, கடைக்குத்தான் பூட்டு

(2021 ஒக்டோபரில் நடைபெற்ற தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிகள் பயிற்சி வகுப்பில் மாதர் பிரிவு அமைப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை.)



காலையிலிருந்து சேமலாப நிதி, மகப்பேற்றுச் சட்டம் என்று கேட்டுக் களைத்துப் போயிருப்பீர்கள். நான் சட்டம் பேசப் போவதில்லை. சாப்பாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன்.

ஓகஸ்ட் 20ஆம் திகதி இரவு போட்ட ஊரடங்கை இந்த மாதம் முதலாம் திகதிதான் எடுத்தார்கள். ஆறு கிழமை. அதற்கு முன்னால் டி.வி.யில் ஒரே விவாதம். நாட்டைப் பூட்டுங்கள் என்று டாக்டர்மார் சங்கங்கள் கேட்டன. அரசாங்கத்தோடு இருக்கிற சின்னக் கட்சித் தலைவர்களே ஜனாதிபதிக்குக் கடிதம் எழுதினார்கள். பூட்டினால் பொருளாதாரம் தாங்காது என்று மறுபக்கம் சொன்னது. உயிரா, பிழைப்பா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசினார்கள். நானும் இரவு இரவாகக் கேட்டேன். மலைக்குப் போகிற ஆட்களைப் பற்றி யாராவது ஒரு வசனம் சொல்வார்களா என்று பார்த்தேன். என் காதில் ஒன்றும் விழவில்லை. ஏன் விழப் போகிறது? நம்மை யார் பூட்டினார்கள்?

2020 மார்ச் 20ஆம் திகதி, வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்கு போட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆனால் நெல் வேலைக்கும் தேயிலை வேலைக்கும் எந்த மாவட்டத்திலும் தடை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பெரட்டு எப்போதும் போலக் கூடியது. முகக்கவசம் இல்லாமல், சேலைத் தலைப்பை வாயில் சுற்றிக்கொண்டு கூடையைத் தூக்கினோம். ஒரு மீற்றர் தள்ளி நில்லுங்கள் என்றார்கள். மலையில் தள்ளி நிற்கலாம். கொழுந்து நிறுக்கிற இடத்தில் எப்படி நிற்பது? பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஏழு பேர் எப்படித் தள்ளிப் படுப்பது?

சரி, வேலைக்குப் பூட்டில்லை. கடைக்குப் பூட்டு. பஸ்ஸுக்குப் பூட்டு. டவுனுக்குப் போகிற ரோட்டில் பொலிஸ். இடையிடையே சில மணி நேரம் ஊரடங்கை எடுத்தார்கள், உண்மைதான். காலையில் எடுத்துப் பகலில் போடுவார்கள். அந்த நேரம் நாம் மலையில் நிற்கிறோம். சாமான் வாங்கப் போனால் அன்றைய பேர் போய்விடும். பேரைப் பார்த்துக்கொண்டு நின்றால் கடை மூடிவிடும். எங்கள் தோட்டத்திலிருந்து டவுன் எட்டு மைல். ஓட்டோவுக்குக் கொடுத்த காசில் பாதி மூட்டை மா வாங்கியிருக்கலாம். ஒரு நாள் எங்கள் லயத்திலிருந்து மூன்று பேர் சேர்ந்து போனோம். வரிசையில் நின்று உள்ளே போனபோது மாவும் இல்லை, பருப்பும் இல்லை. மெழுகுவர்த்தியும் கிரீம் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு வந்தோம். வெறுங்கையோடு எப்படி வீட்டுக்கு வருவது?

அந்த ஊரடங்குக்கு மூன்று நாள் முன்னால்தான் பருப்பு கிலோ 65 ரூபாய், பெரிய டின் மீன் 100 ரூபாய் என்று ஜனாதிபதி அறிவித்திருந்தார். கேட்கச் சந்தோசமாகத்தான் இருந்தது. அப்போது நமது அடிப்படைச் சம்பளம் 700 ரூபாய். ஆனால் விலையைக் குறைத்த உடனே சாமான் கடையை விட்டே போய்விட்டது. இல்லாத பருப்புக்கு 65 ரூபாய் விலை. அடுத்த மாதம் அந்தக் கட்டுப்பாட்டையும் எடுத்துவிட்டார்கள்.

நான் உங்களுக்குச் சொல்ல வந்த விசயம் இனித்தான். கொழும்புத் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியது. அன்றிலிருந்து ஆட்கள் நேரில் உட்கார்ந்து விலை கேட்டு வாங்குகிற ஏலம். கொரோனா வந்து அந்த மண்டபத்தை மூட வேண்டியதாகிவிட்டது. என்ன செய்தார்கள்? ஏப்ரல் முதல் வாரத்திலேயே கம்ப்யூட்டர் வழியாக ஏலத்தை நடத்திவிட்டார்கள். நூற்று முப்பது வருசத்துக்கு மேற்பட்ட பழக்கத்தை இரண்டு மூன்று கிழமையில் மாற்ற முடிந்தது. தேயிலைப் பெட்டிக்கு ரோடு திறந்தது, லொறிக்குப் பாஸ் கிடைத்தது, துறைமுகம் வேலை செய்தது. அதைக் குறை சொல்லவில்லை. அது நின்றால் நமக்குச் சம்பளம் இல்லை. ஆனால் எங்கள் ஃபெக்டரியிலிருந்து தூள் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போன லொறி திரும்பி வரும்போது வெறும் லொறியாக வந்தது. பாஸ் இருக்கிற லொறி, டிரைவர் இருக்கிறார், டீசல் அடித்தாகிவிட்டது. அதில் பத்து மூட்டை மா ஏற்றி வரலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. துரைக்குத் தோன்றவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள மாட்டேன். எனக்கும்தான் தோன்றவில்லை. இரண்டு மாதம் கழித்து அந்த டிரைவர் தம்பியே சொன்னபிறகுதான் புத்தி வந்தது. சில தோட்டங்களில் நிர்வாகமே சாமான் எடுத்துக் கொடுத்தது, அதையும் சொல்ல வேண்டும்.

எனக்கு எட்டு வயதில் ஒரு பஞ்சம் பார்த்தேன். இங்கே வயதான தலைவிமாருக்குத் தெரியும். 1973இல் அரிசிப் பங்கீட்டைக் குறைத்தார்கள், மா விலை ஏறியது. ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்கு அரிசி கொண்டுபோகத் தடை. ரோட்டுக்குக் குறுக்கே கம்பு போட்டு, பஸ்ஸை நிறுத்தி, பையைக் கிளறுவார்கள். ‘ஹால் பொல்ல’ என்று சிங்களத்தில் அதற்குப் பெயர். கிராமத்து ஆட்களுக்கு மரவள்ளி நட ஒரு துண்டு நிலமாவது இருந்தது. நமக்கு லயத்து வாசல். என் அம்மா காட்டுக் கீரையைப் பிடுங்கி வந்து உப்புப் போட்டு அவித்துத் தந்தார். தோட்டத்தை விட்டு டவுனுக்குப் போய்க் கையேந்தியவர்களில் எங்களுக்குத் தெரிந்த குடும்பங்களும் உண்டு. 1974இல் தோட்டங்களில் செத்தவர்கள் தொகை முந்திய வருசங்களைவிட மிகக் கூடுதல் என்று அரசாங்கப் பதிவிலேயே இருக்கிறது.

இந்த முறை அப்படி நடக்கவில்லை. ஆனால் தோடும் மூக்குத்தியும் அடகுக்கடைக்குப் போனது. கடைப் பற்று இன்னும் தீரவில்லை. 2020 ஏப்ரலில் வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று ‘சௌபாக்கியா’ திட்டம் வந்தது. நல்ல திட்டம். லயத்துக்குப் பக்கத்தில் கத்தரிக் கன்று நட நான் போய்த் துரையிடம் கேட்டேன். அது தேயிலை நிலம் என்றார்.

இப்போது கொஞ்சம் கசப்பாகப் பேசப் போகிறேன். போன மே மாதம் பயணக் கட்டுப்பாடு வந்த நேரம் எங்கள் மேல் டிவிசனில் தொற்று வந்தது. பெரட்டுக் களத்தில் நின்று, தோட்டத்தைப் பதினான்கு நாள் பூட்டச் சொல்லிச் சங்கம் கேட்க வேண்டும் என்று நான் பேசினேன். டி.வி.யில் கேட்டதை அப்படியே பேசினேன் என்று வையுங்கள். ஓய்வு பெற்ற பிறகும் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கிற அக்கா ஒருவர் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: “தங்கச்சி, பூட்டச் சொல்றது லேசு. மலையப் பூட்டுனா என் அடுப்பையும் சேர்த்துத்தான் பூட்டணும். மொதல்ல யாரு மா கொண்டாந்து தர்றதுன்னு கேட்டுட்டு வாங்க.” எனக்குப் பதில் இல்லை. இன்றைக்கும் அந்த இடத்தில்தான் நிற்கிறேன். பூட்டுவதா இல்லையா என்பதை டாக்டர்மார் சொல்லட்டும். யார் மா கொண்டுவந்து தருவது என்பதை நாம் கேட்காவிட்டால் வேறு ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

பிறகு மேல் லயத்தை மட்டும் தனிமைப்படுத்தினார்கள். தனிமைப்படுத்திய குடும்பத்துக்கு 10,000 ரூபாய் பெறுமதியான உலர் உணவுப் பொதி உண்டு. எங்களுக்கு அது வந்தது பதினோராவது நாள். வந்த பொதி பன்னிரண்டு. பன்னிரண்டு காம்பரா, அதனால் பன்னிரண்டு குடும்பம். உள்ளே போய்ப் பார்த்தால் இருபத்தொரு அடுப்பு. மகன் கலியாணம் முடித்து ஸ்தோப்பை அடைத்து ஒரு அடுப்பு, மகள் பின்பக்கம் தகரம் இறக்கி ஒரு அடுப்பு. தபாலுக்குக்கூட தனி விலாசம் இல்லாத ஆட்கள் எந்தப் பட்டியலில் வருவார்கள்?

5,000 ரூபாய் கொடுப்பனவு வந்தபோதும் இதே கதைதான். நிரந்தரத் தொழிலாளிக்கு மாதச் சம்பளம் இருக்கிறது, உங்களுக்கு எதற்கு என்று எங்கள் பக்கம் பலரை வெட்டினார்கள். அதற்காகச் சண்டை பிடித்தோம். ஆனால் பட்டியல் எழுதும் வேலை நம் கைக்கு வந்த இடங்களில் நாம் என்ன செய்தோம்? சந்தாக் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு பெயர் எழுதினோம். மற்றச் சங்கத்துக்காரன் வீட்டை விட்டுவிட்டோம். அவர்கள் எழுதிய இடத்தில் நம்மை விட்டார்கள். யாரும் முகத்தைச் சுளிக்க வேண்டாம், இந்த அறையில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்த விசயம்.

முந்திய காலத்தில் தோட்டமே அரிசியும் மாவும் கொடுத்துச் சம்பளத்தில் கழித்தது. அதற்குத் திரும்பிப் போக நான் சொல்லவில்லை. கணக்குத் தெரியாமல் கழித்துக் கழித்து நம் தாத்தாமார் கையில் ஒன்றுமே மிஞ்சவில்லை. லொறியில் சாமான் வரட்டும். கூட்டுறவுக் கடையில் இறங்கட்டும். பில் இருக்கட்டும். பற்று வேண்டும் என்று கையெழுத்து வைத்தவரிடம் மட்டும் கழிக்கட்டும். இதை எழுத்தில் நிர்வாகத்திடமும் பிரதேச செயலகத்திடமும் கொடுக்க வேண்டும். கூட்டு ஒப்பந்தத்தை விட்டுக் கம்பெனிகள் விலகிவிட்டன, ஆயிரம் ரூபாயைக் காட்டிக் கிலோவைக் கூட்டுகிறார்கள், இனி எங்கே பேசுவது என்று கேட்பீர்கள். தோட்டத்தைத் திறந்து வைக்க அனுமதி வாங்கினவர்கள் அவர்கள். அந்த அனுமதிக் கடிதத்தோடு சாப்பாட்டையும் சேர்த்துக் கேட்க வேண்டியதுதான்.

அடுத்த அலை வருமா என்று எனக்குத் தெரியாது. கொரோனா வராவிட்டாலும் விலை வந்துவிட்டது. இந்த மாதம் பால்மாவுக்கும் கோதுமை மாவுக்கும் இருந்த விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். ஒரு கிலோ பால்மா 1,195 ரூபாய். நமது ஒரு நாள் சம்பளத்துக்கு மேலே. உரமும் இல்லை, கொழுந்து குறைந்தால் அரைப்பேர்தான் விழும்.

பையில் கொப்பிகள் கொண்டுவந்திருக்கிறேன், டிவிசனுக்கு ஒன்று. ஒவ்வொரு லயமாகப் போய் அடுப்பை எண்ணுங்கள். எந்தச் சங்கம் என்று கேட்க வேண்டாம். அதற்கு இதில் கோடும் போடவில்லை. அடுப்புக்கு எத்தனை பேர், பால் குடிக்கிற பிள்ளை, பிரசர் மருந்து எடுக்கிறவர், கொழும்பில் வேலை செய்து திரும்பி வந்த பையன், அவ்வளவுதான் எழுத வேண்டும். கிராம சேவகரிடம் ஒரு பிரதி, நம்மிடம் ஒரு பிரதி. 25ஆம் திகதி அட்வான்ஸ் போடுகிற அன்று பின்னேரம் நான் வந்து வாங்கிக்கொள்கிறேன். மேல் டிவிசன் கொப்பியை அந்த அக்காவிடம் ஏற்கெனவே கொடுத்துவிட்டேன்.