இந்தப் படத்துல எதுலயாவது மழை பெய்யுதா?

இன்னைக்கு எபிசோட்ல கோடிங் இல்லை, கெரியர் டிப்ஸ் இல்லை. வீடு பத்திப் பேசப் போறேன். வாங்குற ஃபிளாட் இல்லை, கட்டப் போற வீடு. மணப்பாறை பக்கத்துல எங்க ஊர்ல, 5 சென்ட் இடத்துல, அப்பா, அம்மா, அப்பத்தா இருக்கிறதுக்கு ஒரு வீடு. லோன் என் பேர்ல. அதனால டிசைனும் என்னோடதுதான்னு நான் நினைச்சுக்கிட்டேன். அங்கதான் கதை ஆரம்பிக்குது.

எனக்கு ஒரு கனவு இருந்தது. பூசாத செங்கல் சுவர், ஓட்டுக் கூரை, மரத்தூண், நடுவில் முற்றம், முன்னால் திண்ணை. உங்க ஃபீட்லயும் இந்த மாதிரி வீடுகள் வரும், தெரியும். ஆறு மாசமா பின்டரெஸ்ட்லயும் இன்ஸ்டாவுலயும் சேவ் பண்ணி வச்சேன். மொத்தம் 214 படம். சுவருக்கு ஒரு ஃபோல்டர், தரைக்கு ஒண்ணு, ஜன்னலுக்கு ஒண்ணு. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ டேப்லெட்டை அப்பா கையில் கொடுத்தேன்.

"ரஸ்டிக் ஸ்டைல்ப்பா" என்றேன்.

"அப்படின்னா?"

"கிராமத்து வீடு மாதிரி. இயற்கையா, பழமையா."

"நாம கிராமத்துலதானப்பா இருக்கோம்?"

சிரிச்சேன். அவர் சிரிக்கலை. பொறுமையா ஒவ்வொரு படமா தள்ளிப் பார்த்தார். இருபது, முப்பது படம் தாண்டியதும் நிறுத்திட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதுல எந்த வீட்லயாவது மழை பெய்யுதா?"

நான் 214 படத்தையும் திரும்பப் பார்த்தேன். ஒண்ணுல கூட மழை இல்லை. எல்லாத்துலயும் சாயங்கால வெயில்தான்.

அன்னைக்கு ராத்திரி அப்பா கொஞ்சம் பேசினார். அவர் வளர்ந்தது மண் சுவர், நாட்டு ஓடு வீடு. ஒவ்வொரு வருஷமும் ஐப்பசிக்கு முன்னால் ஓடு பிரிச்சு மாத்தணும். பணம் இல்லாத வருஷம் மாத்த மாட்டாங்க. அந்த வருஷம் வீட்டுக்குள்ள எங்கெங்க பாத்திரம் வைக்கணும்னு எல்லாருக்கும் மனப்பாடம். ஒரு தடவை ராத்திரி ஒழுகி, அவரோட பத்தாம் வகுப்பு நோட்டு எல்லாம் நனைஞ்சு போச்சு. ஓட்டு இடுக்கில் இருந்து தேள் விழுந்த கதையும் உண்டு. "அந்த வீட்டை விட்டு வெளிய வரத்தான் நான் வேலைக்குப் போனேன். நீ லோன் போட்டு என்னைத் திரும்ப அதுக்குள்ள கொண்டு போய் விடுற" என்றார். கோபமா சொல்லலை. அதனாலதான் ரொம்ப உறைச்சது.

எனக்கு அழகா தெரிஞ்சது எதுவோ, அது அவருக்கு வறுமையோட ஞாபகம். அதோட இன்னொரு விஷயமும் புரிஞ்சது. நான் சென்னையில் இருக்கேன், மாசத்துக்கு ரெண்டு நாள் ஊருக்குப் போவேன். மிச்ச 28 நாளும் அந்த வீட்டுல வாழப் போறது அவங்க மூணு பேர்.

வேலையில நாம என்ன பண்ணுவோம்? யூஸர்கிட்ட "எந்த ஸ்கிரீன் பிடிச்சிருக்கு?"ன்னு முதல்ல கேட்க மாட்டோம். "உங்க நாள் எப்படிப் போகுது?"ன்னு கேட்போம். சொந்த வீட்டுக்கு அதை நான் பண்ணவே இல்லை. மறுநாள் டேப்லெட்டை உள்ள வச்சிட்டு ஒரு நோட்டு எடுத்தேன்.

அப்பத்தாகிட்ட கேட்டேன். திண்ணை வேணும். ஆனா உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டா பாதம் தரையில படணும், எழுந்திருக்கும்போது பிடிக்க ஒரு தூண் வேணும். ராத்திரி பாத்ரூமுக்குக் கொல்லைப்பக்கம் போக முடியாது, ரூம் பக்கத்துலயே வேணும். அம்மாகிட்ட கேட்டேன். "முற்றம் நல்லாத்தான் இருக்கும். மழைத் தண்ணி, இலை, குரங்கு, பூனை எல்லாம் வரும். யாரு கூட்டுறது?" என்கிட்ட பதில் இல்லை. அவங்களுக்கு வத்தல், வடகம் காயப் போட ஒரு சமமான மாடி வேணும். 214 படத்துல மொட்டை மாடியும் இல்லை!

அதுக்கப்புறம் படம் சேர்க்கிறதை நிறுத்திட்டு நேர்ல போய்ப் பார்க்க ஆரம்பிச்சேன். முதல்ல முட்டுக்காடு தட்சிணசித்ரா. செட்டிநாட்டு வீடு உட்பட, தென்னிந்தியாவின் பழைய வீடுகளைப் பிரிச்சுக் கொண்டுவந்து அங்க திரும்பக் கட்டியிருக்காங்க. ஒரு மியூசியத்துல டேப் வச்சுத் திண்ணை உயரம் அளந்த ஒரே ஆள் நானாத்தான் இருப்பேன். மதியம் ஒரு மணிக்குத் திண்ணையில உட்கார்ந்து பார்த்தா, தாழ்வாரம் எவ்வளவு இறங்கியிருக்கு, நிழல் எதுவரை வருதுன்னு உடம்புக்கே தெரியும். அதை எந்தப் படமும் சொல்லாது.

அடுத்து ஆத்தங்குடி. அந்த டைல்ஸ் சூளையில சுடுறதில்லை, தெரியுமா? கண்ணாடித் தகடு மேல அச்சை வச்சு, கலர் சிமென்ட் கலவையை ஊத்தி, பின்பக்கம் சிமென்ட் மணல் கலவை போட்டு, காய வச்சு, தண்ணியில ஊற வைக்கிறாங்க. அந்த வழவழப்பு கண்ணாடியில இருந்து வர்றது. நடக்க நடக்க மெருகு ஏறும். ஆனா ஆசிட் போட்டுக் கழுவினா போச்சு. அம்மா போன்லயே கேட்டாங்க, "வெறும் மாப் போட்டா போதுமா?" போதும். ஹாலுக்கு மட்டும் ஓகே ஆச்சு.

செங்கல் சுவர்தான் என் பெரிய ஆசை. அதைத் தேடிப் போனா எல்லா வழியும் லாரி பேக்கர்கிட்டதான் போய் நிக்குது. 1917ல இங்கிலாந்துல பிறந்து, கேரளத்துல வாழ்ந்து, 2007ல திருவனந்தபுரத்துல இறந்த கட்டடக் கலைஞர். அங்க இருக்கிற சென்டர் ஃபார் டெவலப்மென்ட் ஸ்டடீஸ் வளாகம் அவர் கட்டினது. அவர் பூச்சு இல்லாம விட்டது லுக்குக்காக மட்டும் இல்லை, காசு மிச்சம் பண்ண. ரேட் ட்ராப் பாண்ட்னு ஒரு முறை. செங்கலைப் படுக்க வைக்காம பக்கவாட்டுல நிறுத்திக் கட்டுவாங்க, நடுவுல காத்துக் கூடு இருக்கும். செங்கல் ஏறக்குறைய கால்வாசி மிச்சம், உள்ள சூடும் குறையும். ஃபில்லர் ஸ்லாப் இன்னொண்ணு. கான்கிரீட் தளத்தோட அடிப்பாகத்துல இழுவிசையைத் தாங்கறது கம்பிதான். அங்க கான்கிரீட்டுக்குப் பெருசா வேலை இல்லை. அதனால கம்பிகளுக்கு நடுவுல பழைய மங்களூர் ஓட்டை வச்சுத் தளம் போடுவாங்க. எடை குறையும், சிமென்ட் குறையும். இதை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் இல்லாம வீடியோ பார்த்துப் பண்ணிடாதீங்க, ப்ளீஸ்.

இங்கதான் எனக்கு ஒண்ணு பளிச்சுன்னு புரிஞ்சது. இது எல்லாமே ஏதோ ஒரு கேள்விக்கான பதில். காசு கம்மி, வெயில் ஜாஸ்தி, காத்து வேணும். நான் கேள்வியை விட்டுட்டு பதிலை மட்டும் சேவ் பண்ணிக்கிட்டு இருந்தேன்.

இந்த மாதிரி வீடு கட்டிக் குடியிருக்கிற நாலு குடும்பங்களையும் போய்ப் பார்த்தேன். எல்லார்கிட்டயும் ஒரே கேள்வி: "திரும்பக் கட்டினா எதை மாத்துவீங்க?" நீங்க யார் வீட்டைப் பார்க்கப் போனாலும் இதைக் கேளுங்க. ஒருத்தர், எலெக்ட்ரிக் பைப் எங்க போகும்னு முன்னாடியே முடிவு பண்ணலை, பூசாத சுவரை அப்புறம் வெட்டினா அசிங்கமா இருக்குன்னார். இன்னொருத்தர் வீட்டு ஜாளிச் சுவர் அழகு. கொசு வலை அடிச்ச பிறகும் தூசி நிக்கலை. மூணாவது வீட்டுல ஓட்டை குரங்கு உடைச்சிட்டே இருக்கு. நாலாவது அக்கா, "செங்கல் சரியில்லைன்னா பூசாம விடாதீங்க தம்பி, பொடியா உதிரும்" என்றார்.

இப்போ பிளான் இப்படி இருக்கு. மேல சமமான ஃபில்லர் ஸ்லாப், அம்மாவோட வடகத்துக்கு மாடி. மங்களூர் ஓடு முன் திண்ணைக்கு மட்டும். முற்றம் உண்டு, ஆனா சின்னது, மேல கம்பி வலை. கூட்டுறதுக்கு எளிதா ஒரே பக்கம் வாட்டம். அப்பத்தா ரூம் பக்கத்துலயே பாத்ரூம். வெளிச்சுவர் செங்கல். அப்பா ரூம்ல மட்டும் ஒரு செங்கல் கூட தெரியக் கூடாதுன்னு சொல்லிட்டார். பூசி, வெள்ளை அடிச்சு, டியூப் லைட். அதை மாத்தச் சொல்லி நான் கேட்கவே இல்லை.

கடைசியா பிளானை அவர்கிட்ட காட்டினப்போ ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் பென்சில் எடுத்துத் திண்ணை மேல ஒரு கோடு போட்டார். "ஐப்பசி மழை வடகிழக்குல இருந்து சாய்ஞ்சு அடிக்கும். இந்தத் தாழ்வாரம் பத்தாது. இன்னும் ஒன்றரை அடி வெளிய இழு. இல்லன்னா உங்க அப்பத்தா நனையும்." நாப்பது வருஷத்துக்கு முன்னாடி பாத்திரம் வச்ச மனுஷன் அவர். மழை எந்தப் பக்கம் வரும்னு அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இன்ஜினியர் அந்தக் கோட்டை அப்படியே டிராயிங்ல ஏத்திட்டார். தை மாசம் கடைக்கால் தோண்டுறோம்.

வீடு கட்டப் போறவங்க, ஃபோல்டர் வச்சிருந்தா வச்சிருங்க, தப்பில்லை. ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் "இது யாருக்கு, எதுக்கு?"ன்னு ஒரு வரி மட்டும் எழுதிப் பாருங்க. எனக்கு 214ல 11தான் மிஞ்சுச்சு. உங்க வீட்டுல யார் என்ன கேட்டாங்கன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.